குளிப்பாட்டாமல் கொண்டு வாங்க

எங்கள் நாய்க்கு அண்ணன் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் வாய் தானாகக் கூப்பிட்டுவிடும். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

அண்ணன் குட்டியானை ஓட்டினான். வாழைத்தார் ஏற்றுகிற சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். லால்குடிப் பக்கத்துத் தோப்புகளில் தார் ஏற்றிக்கொண்டு திருச்சி மண்டிக்கு வருவான். ஒரு நாள் மண்டியில் தார் இறக்கும்போது, அடியில் கிடந்த சருகுக்குள் ஒரு குட்டி முனகியிருக்கிறது. எந்தத் தோப்பில் ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் அதைச் சட்டைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். நாமளே ஒண்டுக் குடித்தனம், இது வேறயா என்று அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே பாலைச் சுட வைத்தாள்.

அதற்குப் பிறகு வண்டியில் அண்ணனுக்குப் பக்கத்து சீட் அவனுடையது. நான் ஏறினால்கூட இறங்க மாட்டான். நான்தான் பின்னால் தாரோடு உட்கார வேண்டும்.

அண்ணன் செத்த அன்றைக்கும் அவன் அந்த சீட்டில்தான் இருந்தான். லால்குடி ரோடு, விடிகிற நேரம், எதிரே ஒரு லாரி. வண்டியின் வலது பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. இடது பக்கம் இருந்த அவனுக்கு ஒரு கீறல் இல்லை. போலீஸ் வருகிற வரைக்கும் அவன் யாரையும் வண்டிக்குப் பக்கத்தில் விடவில்லையாம். பிறகு இன்னொரு லோடு வண்டிக்காரர் கயிறு கட்டி அவனைக் கொண்டு வந்து வாசலில் விட்டார். அண்ணன் வருவதற்கு முன்னால் அவன்தான் வீட்டுக்கு வந்தான்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டு வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அம்மா அதற்குள் அண்டாவில் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். செத்தவனுக்கு எதற்கு வெந்நீர் என்று யாரோ கேட்டார்கள். அவனுக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்காது என்று அம்மா சொன்னாள். கட்டைப் பிரிக்க வேண்டாம், பார்த்தால் தாங்க மாட்டீங்க என்று சொந்தக்காரர்கள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். துணிக்கு மேலேயே ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் நான் பார்த்தபோது அண்டாவில் தண்ணீர் அப்படியே இருந்தது, ஆறிப்போய்.

அம்மா அதிலிருந்து பேசுவதை விட்டுவிட்டாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள், அதையும் விட்டுவிட்டாள். அப்பா எங்களுக்கு ரொம்ப நாளாகவே இல்லை. மேலூர் ரோட்டில் லைன் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அவனும்தான்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாவுக் கடையில் வேலை. அரிசி உளுந்து ஊறப் போட்டு, கழுவி, பெரிய கிரைண்டரில் ஆட்டி, கவரில் கட்டிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் உள்ளே பேச்சுக் குரல் கேட்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நுழைவேன். யாரும் இருக்க மாட்டார்கள். அம்மா அவனிடம் பேசிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவாள்.

ஒரு நாள் வாசலிலேயே நின்று கேட்டேன்.

"நீதானடா பக்கத்துல இருந்த. கடைசியா என்ன சொன்னான்? அம்மான்னு கூப்புட்டானா? வலிக்குதுன்னானா?"

அவன் வாலை ஒரு தடவை தரையில் தட்டினான். அம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "சரி, சரி" என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நானும் அதே அண்ணனுக்குத் தங்கச்சிதான். அம்மா என்னைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. ஆனால் அவனும் இல்லாமல் போனால் அந்த வீட்டில் பேச்சே இருக்காது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுவர் வழியாகக் கேட்கிற பேச்சாக இருந்தாலும் அம்மாவின் குரல்தானே.

வருஷத் திதி வருவதற்கு முன்னாலேயே அவன் மூக்கின் மேல் சாம்பல் மாதிரி ஏதோ தெரிந்தது. எங்கேயோ மூக்கை விட்டிருக்கிறான் என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. சில நாளில் அது மஞ்சளாகத் தடித்துப் பொருக்குக் கட்டியது. பிறகு இரண்டு காது, இரண்டு கண்ணைச் சுற்றி. இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. முகமூடி போட்ட மாதிரி ஆகிவிட்டான். உள்ளங்கால் மெத்தை தடித்து வெடித்துவிட்டது. கழுவாமல் விட்ட மாவுப் பாத்திரத்தில் மாவு காய்ந்து வெடிக்குமே, அதே மாதிரி. நடந்தால் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைப்பான்.

பார்த்தவர்கள் எல்லோரும் சொறி என்றார்கள். அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். அதை நக்கி அவன் வாந்தி எடுத்தான். ஒரு டாக்டரிடம் காட்டி சொறிக்கு ஊசி போட்டோம். கொஞ்ச நாள் பொருக்கு உதிர்ந்து தோல் தெரியும். மருந்து கேட்டுவிட்டது என்று நினைப்போம். திரும்பவும் ஒரே ராத்திரியில் முகமெல்லாம் சீழ்க் கொப்புளமாகப் பூத்துவிடும். வந்து வந்து போவதுதான் இந்த வியாதியின் குணம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கடையில் விஷயம் தெரிந்துவிட்டது. கடை அக்கா நல்லவர்தான். ஆனாலும் மாவுக் கடை.

"உங்க வீட்டு நாயி சொறி புடிச்சுக் கெடக்குதாமே. அதைத் தொட்டுட்டா இங்க வந்து மாவுல கைய வெக்கிற?"

"தொட மாட்டேங்க்கா. அம்மாதான் பாத்துக்கறாங்க."

"அம்மாவத் தொடுவல்ல."

அம்மாவையும் தொடுவதில்லை என்று சொல்லத் தோன்றியது. கடையில் உரித்து விற்கிற சாம்பார் வெங்காயத்துக்கு அக்கா என்னை மாற்றிவிட்டார்.

அண்ணனோடு மண்டியில் இருந்த ஒருவர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். அவர்தான் தென்னூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், தோல் வியாதி நன்றாகப் பார்ப்பார் என்று சொல்லி, தன் ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போனார். அம்மா தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். அண்ணன் போன பிறகு அவள் காவிரிப் பாலத்தைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். அவனைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு காலையும் தூக்கி மெத்தையைப் பார்த்தார். காதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, சொறிப் பூச்சி ஒன்றுகூட இல்லை என்றார். சொறி இப்படி இரண்டு பக்கமும் அளந்து வைத்த மாதிரி வராது, இது வேறு ஏதோ, தோலைக் கொஞ்சம் வெட்டி எடுத்து சென்னைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார்.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் எண்ணெய், மஞ்சள் எதையும் போட வேணாம். இருக்குறபடியே கொண்டு வாங்க."

அம்மா தலையை ஆட்டினாள்.

அந்த நாள் வந்தது. நான் விடியற்காலையிலேயே கடைக்குப் போய் அரைநாள் வேலையை முடித்துவிட்டு ஓடி வந்தேன். வீட்டு வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியெல்லாம் பளபளவென்று இருந்தது. முகத்தில் ஒரு பொருக்குகூட இல்லை. பொருக்கு இருந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாக, புதுத்தோல் மாதிரி. சீயக்காய் வாசனை அடித்தது.

அம்மா பக்கத்தில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். கையில் அண்ணனுடைய பழைய பனியன். அதில் வெந்நீரை நனைத்து முகத்தில் ஊற வைத்து, ஒவ்வொரு பொருக்காக எடுத்திருக்கிறாள். விடியலிலிருந்து அதே வேலை.

"எண்ணெய் ஆகாதுன்னாங்கள்ல, அதான் சீயக்காய் போட்டு எடுத்துட்டேன். நெத்தியில ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா ஊற வெச்சு எடுத்தேன்டி. பாரு, ரத்தம் வரல. கண்ணை மூடிக்கிட்டு மடியில அப்படியே படுத்துக் கெடந்தான். அவனுக்குத் தூக்கமே வந்துருச்சு."

அம்மா என்னிடம் இவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. எனக்கும் அது தப்பு என்று தெரியாது. யாரையாவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதென்றால் குளிக்க வைத்து, தலை வாரி, துவைத்த துணி போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவோம். பிரசவத்துக்குப் போகிறவள்கூட வலியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் ஆட்டோ ஏறுவாள், எங்கள் லைனில். நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தான்.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டே வந்தவர் அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு குளிப்பாட்டுனது?"

"நாந்தாங்க" என்றாள் அம்மா. கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா கிட்டே வந்தார். அவன் முகத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். பிறகு அம்மாவுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொருக்குக்குள்ளதாம்மா வியாதி இருந்துச்சு. அதைத்தான் நான் வெட்டி எடுக்க இருந்தேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "அழுக்கா எப்படிங்க உங்க முன்னாடி நிறுத்துறது?" என்றாள்.

டாக்டரம்மா அதற்குக் கோபப்படவில்லை. தப்பு தன்மேல்தான், குளிப்பாட்டக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். கோபப்பட்டிருந்தால் அம்மாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

மிச்சமிருந்த இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் இரண்டு துண்டு எடுத்து அனுப்பினார். வந்த பதிலில் புண் என்றும் கிருமி என்றும்தான் இருந்தது, வேறொன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்ன வியாதியாக இருக்கும் என்று டாக்டரம்மாவுக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அதற்கான மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற மருந்து. நிஜமாகவே கிருமிதான் என்றால், அந்த மருந்தைக் கொடுத்தால் கிருமி பெருகி அவனைக் கொன்றுவிடும். நிச்சயம் தெரியாமல் தொட முடியாது. அதனால் கிருமிக்கு மாத்திரை கொடுத்து முதலில் பார்க்கலாம் என்றார்.

அந்த மாத்திரையைத் தின்றுகொண்டே அவன் மோசமாகிக்கொண்டு போனான். காய்ச்சல் வந்தது. சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா அவனிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். அவன் நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்து படுத்தால் நகர்ந்து உட்காருவாள். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொள்வாள். நான் தொட்டா கெட்டுரும் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். என்னிடமா அவனிடமா என்று தெரியவில்லை. அந்த நாட்களில் வீட்டில் கேட்ட ஒரே சத்தம் அவன் காதை உதறுகிற சத்தம்தான். நான் வேலை முடிந்தும் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன். போயேன்டி, வீடு இல்லையா உனக்கு என்று அக்கா கேட்பார்.

திரும்பவும் தென்னூருக்குப் போனோம். இந்தத் தடவை டாக்டரம்மா எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னார். உடையாத புதுக் கொப்புளம் ஒன்று வேண்டும். நாய்த் தோல் மெல்லிசு, கொப்புளம் வந்தால் கொஞ்ச நேரத்தில் உடைந்து பொருக்காகிவிடும். அதனால் தினமும் தேடிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தால் தொடக் கூடாது, துடைக்கக் கூடாது. எந்த நேரமானாலும் போன் பண்ணிவிட்டு வரலாம்.

"குளிப்பாட்டாம கொண்டு வாங்கம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். "நீங்கதான் பாக்கணும். இவ வேலைக்குப் போயிடுவா."

என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னதற்காக அந்த டாக்டரம்மாவை நான் மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து விடிந்ததும் அம்மா டார்ச்சை எடுத்துக்கொள்வாள். மூக்கு, கண், காது, விரலிடுக்கு என்று முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். உடைந்ததுதான் இருக்கும். ஒரு காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு போனிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாவேதான் பேசினாள்.

"காதுக்குள்ள இருக்குடி. மொளகு அளவு. ஒடையல. ஆட்டோவுக்குச் சொல்லு."

நான் போனபோது அம்மா அவனை மடியில் கிடத்தி, காதைத் திருப்பிப் பிடித்து, அதன் மேல் டீ குடிக்கிற பேப்பர் கப்பைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவன் தலையை உதறினால் கொப்புளம் உடைந்துவிடும். ஆட்டோ போகிற வழியெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. பக்கத்தில் பைக்கில் நின்றவன் எட்டிப் பார்த்து, என்னங்கம்மா, நாய்க்குக் காதுல டீ ஊத்துறீங்களா என்று கேட்டான். அம்மா சிரித்துவிட்டாள். நான் ஆற்றைப் பார்ப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொப்புளம் உடையாமல் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா ஊசி முனையால் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒற்றி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். அம்மா ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்புறம் நான். ஊதா நிறத்தில் குட்டிக் குட்டியாக நிறையப் புள்ளி. அதற்கு நடுவில் வேக வைத்த ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாகச் சில. தனித்தனியாக மிதந்தன.

அந்த உருண்டைகள் அவனுடைய தோல்தான் என்றார் டாக்டரம்மா. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டியது. செங்கல்லுக்கு நடுவில் சிமெண்ட் மாதிரி ஒரு பசை இருக்கும். அவன் உடம்பே அந்தப் பசையை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. செங்கல் தனித்தனியாகக் கழன்று விழுகிறது. அதுதான் கொப்புளம். அந்த இடத்திலேயே பொருக்கோடு சேர்த்துத் தோலை வெட்டி அனுப்பினார். சென்னையிலிருந்தும் அதே பதில் வந்தது. பெம்பிகஸ் என்று பேர். அம்மாவுக்கு வாயில் நுழையவே இல்லை.

"தன் உடம்பே தன்னை அடிக்குதாங்க?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"தெரியாதும்மா. நெறைய நேரம் காரணமே தெரியாது."

அண்ணன் சாகிறதைப் பார்த்ததால் வந்ததா என்று நான் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை. யாருக்கும் ஒட்டாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். குணமாகாது, அடக்கி வைக்கலாம் என்றும் சொன்னார். அம்மா அடக்கி வைக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தது. சோறு போட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும், நாமாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பத்து நாளுக்குள் புதுக் கொப்புளம் வருவது நின்றது. பொருக்கு தானாக உதிர்ந்தது. காதில் பூனை முடி மாதிரி மெல்லிசாக முடி முளைத்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. வாழைப்பழத் தோல், கரித்துணி, எதையும் விட மாட்டான். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான், வீடெல்லாம் மூத்திரம் போவான். மாத்திரையால்தான் அப்படி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவுக்கு அது மாத்திரையாகத் தெரியவில்லை.

"இன்னும் கேக்குறான் பாருடி. லோடு ஏத்திட்டு வந்தா அவனும் இப்படித்தான் தட்ட வழிச்சுத் திம்பான்" என்பாள்.

அம்மா திரும்ப மண்டபத்து வேலைக்குப் போனாள். வரும்போது மிஞ்சிய சோறு கொண்டு வருவாள். என்னையும் உட்காரச் சொல்வாள். மூன்று பேரும் தின்போம். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நன்றாக இருந்தது. கொஞ்ச நாள்தான்.

மாத்திரையைக் குறைத்தாக வேண்டும், இவ்வளவு மருந்தை உடம்பு தாங்காது. குறைத்தால் மூக்கின் மேல் சாம்பல் திரும்ப வரும். ஏற்றினால் அடங்கும். திரும்பக் குறைத்தால் திரும்ப வரும். ஸ்டீராய்டைக் குறைப்பதற்காக இன்னொரு மருந்தைச் சேர்த்தார் டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அது ஈரலைப் பிடித்துவிட்டது. நிறுத்தினார். வேறொன்று இருக்கிறது என்றார். அதன் விலையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. ஆட்டோக்காரரும் கடை அக்காவும் சேர்ந்து கொஞ்ச நாள் வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் வேலை செய்வதற்குள் வெயில் வந்துவிட்டது. வெயில் இந்த வியாதிக்கு ஆகாது. எங்கள் வீடு ஷீட் போட்டது.

வயிறு மட்டும் பானை மாதிரி ஆகி, கால் நாலும் குச்சியாகிவிட்டது. முதுகெலும்பு தெரிந்தது. பொருக்கு முகத்தை விட்டு உடம்பெல்லாம் பரவியது. மெத்தை கழன்று வந்தது. ஒரு நாள் காலையில் நடந்து வந்த இடமெல்லாம் ஈரமாகத் தடம். தண்ணீரை மிதித்திருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. பசிதான் கடைசியாகப் போனது. அம்மா தயிர் சாதத்தை விரலில் எடுத்து உதட்டில் வைத்தாள். அவன் விரலை மட்டும் ஒரு தடவை நக்கினான், மரியாதைக்குச் செய்கிற மாதிரி.

தென்னூரில் மேஜை மேல் கிடத்தினோம். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. மருந்து கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அவனுக்கு வலி ரொம்ப இருக்கிறது, ஒவ்வொரு இடமும் தீப்பட்ட புண் மாதிரிதான் என்றார். பிறகு ஒரு ஊசியைப் பற்றிச் சொன்னார். தூங்குகிற மாதிரி போய்விடுவானாம்.

அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எங்கிட்ட கேக்காதீங்க" என்றாள்.

அப்போது அங்கே மிச்சம் நான் ஒருத்திதான்.

அம்மா காதில் விழுகிற மாதிரிச் சொல்ல என்னால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டரம்மா புரிந்துகொண்டார். ஊசி ஏறும்போது அம்மா அவன் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். அண்ணனிடம் சொல்லச் சொல்லி ஏதாவது சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

ஆட்டோவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு வந்தோம். கொள்ளிடக் கரையில் குழி தோண்டி வைக்கிறேன், நீங்கள் வர வேண்டாம், வெயில் தாழ்ந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் போனார்.

அம்மா அவனை வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லின் மேல் படுக்க வைத்தாள். உள்ளே போய் சீயக்காய்ப் பொட்டலத்தையும் அண்ணனுடைய பனியனையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள்.

"இப்பக் குளிப்பாட்டலாமாடி?"

அவ்வளவு பயந்துகொண்டு அவள் எதையும் என்னிடம் கேட்டதில்லை.

"குளிப்பாட்டலாம்மா. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். எதற்கு வெந்நீர் என்று யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் கொதித்ததும் கொண்டு வந்து வைத்தேன். அம்மா நெற்றியில் ஆரம்பித்தாள். பனியனை நனைத்து வைத்து, ஊற விட்டு, பொருக்கை ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணைச் சுற்றி, மூக்கின் மேல், காதுக்குள். பேசிக்கொண்டே செய்தாள். அவனிடம்தான் பேசினாள். அந்தக் காலைக் குடு என்றாள். கண்ணை மூடிக்கோ, சீயக்காய் எரியும் என்றாள். நடுவில் ஒரு இடத்தில் அவன் பேர் போய் அண்ணன் பேர் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் பேராகவே இருந்தது.

நான் சொம்போடு பக்கத்தில் நின்றேன். இந்தக் குளியல் முடிந்தால் அம்மாவின் பேச்சும் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அம்மா சொம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்குடி. கொஞ்சம் வெளாவு."

பக்கத்து வாளியிலிருந்து பச்சைத் தண்ணீரை எடுத்து விளாவினேன். கொஞ்சம் கொஞ்சமாக, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.